வலிக்காத பாதத்தைத் தினமும் பார்க்க வேண்டும்

நீரிழிவு உள்ளவர் இருக்கும் வீடுகளில் காலைப் பேச்சு பெரும்பாலும் ஓர் எண்ணைச் சுற்றியே நடக்கிறது. வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பிறகு எவ்வளவு என்று கேட்டு, விடை திருப்தியாக இருந்துவிட்டால் அன்றைக்கு நோயைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பேருந்து ஓட்டுநராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அவருடைய கால், கண், சிறுநீரகம் ஆகிய மூன்றுக்காகவும் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மருத்துவர்களைப் பார்க்க அவருடன் சென்று வந்தவள் என்ற முறையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு: இந்த நோயின் சிக்கல்கள் பெரும்பாலும் வலியோடு வருவதில்லை. வலித்தால் மருத்துவரிடம் போகலாம் என்ற நம் வழக்கம் மற்ற நோய்களுக்கு ஓரளவு உதவலாம். நீரிழிவில் அது காலத்தை வீணாக்கிவிடும்.

இது எங்கள் வீட்டு அனுபவம் மட்டும் அன்று. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வொன்றில், புதிதாக நீரிழிவு கண்டறியப்பட்ட 5,102 பேரைச் சேர்த்தார்கள். நோய் இருக்கிறது என்று தெரியவந்த அன்றே அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கண்ணிலோ நரம்பிலோ வேறோர் உறுப்பிலோ பாதிப்பின் அடையாளம் இருந்தது. சர்க்கரையைக் கூடுதல் கவனத்துடன் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன என்பது 1998இல் வெளியான அதன் முடிவு. அதே ஆய்வில் இரத்த அழுத்தத்தையும் இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது என்ற செய்தியை நம்மில் பலர் கேட்டதே இல்லை. சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் விழுங்கிவிட்டு, இரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ‘இன்றைக்குத் தலை சுற்றவில்லையே’ என்று விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்கு நினைவுக்கு வருகிறது.

அப்பாவின் வலது பாதத்தில் இருந்த புண்ணை முதலில் கண்டவர் அம்மா. கூடத்துத் தரையில் பழுப்புத் திட்டுகள் வாசல்வரை வரிசையாக இருப்பதைப் பார்த்துத்தான் அவர் அப்பாவை உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். செருப்பின் அடியைத் துளைத்துக்கொண்டு ஓர் இரும்பாணியின் முனை மேலே வந்திருந்தது. பெருவிரலின் அடிப்பகுதியில் ஒரு குழி விழுந்திருந்தது. அந்தச் செருப்போடுதான் அவர் கடைத்தெருவுக்குப் போய்க் காய்கறி வாங்கி நடந்தே திரும்பியிருந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. அப்போது அவருடைய மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 7.2, மோசமான அளவு என்று எவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுகளில், வண்டி ஓட்டிய காலத்தில், சாப்பாட்டுக்கு நேரமில்லாமலும் மாத்திரைக்கு ஒழுங்கில்லாமலும் ஏறி இறங்கிய சர்க்கரை நரம்புகளில் செய்துவிட்டுப் போன வேலையை இன்றைய நல்ல எண் அழித்துவிடாது.

உடலிலேயே மிக நீளமான நரம்புகள் கால் விரல்களுக்குச் செல்பவை. அதனால்தான் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல மெல்ல மேலேறுகிறது. தொடக்கத்தில் சிலருக்கு எரிச்சல், குத்தல், இரவில் போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாத கூச்சம் இருக்கும். பஞ்சின் மேல் நடப்பது போலத் தோன்றுகிறது என்று சிலர் சொல்வார்கள். சில ஆண்டுகள் கழித்து இந்த எரிச்சல் தானாகவே அடங்கிவிடலாம். நோயாளியும் குடும்பமும் நிம்மதி அடையும் அந்தக் கட்டத்தில்தான் ஆபத்து கூடியிருக்கலாம், ஏனென்றால் எரிச்சலை உணரும் நரம்பும் செயலிழந்திருக்கக்கூடும். அப்பாவுக்கு இப்படித்தான் நடந்தது. கால் எரிச்சல் போய்விட்டது என்று அவர் மகிழ்ச்சியாகச் சொன்ன காலமும் பாதம் மரத்துப்போன காலமும் ஒன்று.

வலியை இழந்த பாதத்தைப் பற்றிய அறிவில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கொல்லிமலையில் 1914இல் பிறந்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் சிதைவது சதை தானாக அழுகுவதால் அன்று, உணர்ச்சி அற்றுப்போன உறுப்பு திரும்பத் திரும்பக் காயப்படுவதால்தான் என்று எடுத்துக்காட்டினார். மென்மையான உள்தளம் கொண்ட செருப்பு, காலில் பாரம் ஏற்றாமல் புண்ணை ஆறவிடுவது, தினமும் பாதத்தைக் கண்ணால் பார்ப்பது ஆகியவை அந்தப் பணியில் வேரூன்றி, பின்னர் உலகெங்கும் நீரிழிவுப் பாத மருத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்று நம் ஊர்களில் மருத்துவர் எழுதித் தரும் எம்சிஆர் செருப்பு, அதாவது மைக்ரோ செல்லுலர் ரப்பர் செருப்பு, தொழுநோய் மருத்துவமனைகளில் நெடுங்காலம் பயன்பட்ட அதே பொருள்தான். அதை நோயாளிச் செருப்பு என்று வெட்கப்பட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். காலைக் காப்பாற்றும் பொருளுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாதத்தின் உணர்ச்சியைச் சோதிப்பது எளிது, செலவும் குறைவு. பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை, கண்ணை மூடிய நோயாளியின் பாதத்தில் சில இடங்களில் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பார்கள். இசைக்கவையை அதிரவைத்துப் பெருவிரல் எலும்பின் மேல் வைத்து, அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தத்தை அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதம் 0.9க்குக் கீழே இருந்தால் காலுக்குச் செல்லும் இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம் என்று கணிப்பார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். மருத்துவர் தாமாகச் சொல்லாவிட்டால் நாமே செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பாருங்கள் என்று கேட்கலாம். அவ்வாறு கேட்டதற்காக எந்த மருத்துவரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை. மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதையும் அதுவும் காலை மரத்துப்போகச் செய்யும் என்பதையும் அப்பாவைப் பார்த்த மருத்துவர்தான் விளக்கினார். இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய குறை இது. சைவ உணவு மட்டும் உண்பவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

புண் ஆறுவதற்கு மருந்தும் கட்டும் மட்டும் போதாது. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உடலின் முழு எடையும் அந்தக் குழியின் மேல்தான் இறங்குகிறது. வலி உள்ளவர் தாமாகவே நொண்டி நடந்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொள்வார். உணர்ச்சி இல்லாதவர் நேராக ஊன்றி நடப்பார். எனவே பாரம் ஏறாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் மையம். அப்பாவுக்கு முழங்காலுக்குக் கீழே பாதம் முழுவதையும் அணைத்துப் பிடிக்கும் மாவுக்கட்டு போட்டார்கள், வாரம்தோறும் மாற்றினார்கள். கழற்றக்கூடிய காலணியைத் தரலாமா என்று நாங்கள் கேட்டபோது, கழற்ற முடியும் என்றால் வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள், கழிவறைக்குப் போகும் பத்து அடியும் பாரம்தான் என்று மருத்துவர் சொன்னார். அது எவ்வளவு சரியான பேச்சு என்பதை அப்பாவைத் தெரிந்த எங்களால் உடனே ஒப்புக்கொள்ள முடிந்தது. புண் முழுமையாக ஆறியது. ஆனால் இப்படி ஆறிய புண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஓராண்டுக்குள் மீண்டும் வருகின்றன என்பதால், ஆறிய நாளோடு எங்கள் கவனம் முடிந்துவிடவில்லை.

அன்றிலிருந்து இரவு உணவுக்குப் பின் அப்பாவின் இரு பாதங்களையும் யாராவது ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்க்கிறோம். தனியாக இருப்பவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். விரலிடுக்கில் வெள்ளையாக ஊறியிருக்கிறதா, குதிகாலில் பித்தவெடிப்பு ஆழமாகியிருக்கிறதா, எங்காவது தோல் தடித்து அதன் அடியில் கருஞ்சிவப்பு தெரிகிறதா, ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா என்பவற்றைக் கவனிக்க வேண்டும். எண்ணெயோ களிம்போ குதிகாலுக்கும் புறங்காலுக்கும் தடவலாம், விரலிடுக்கில் தடவக் கூடாது. நகத்தை நேராக வெட்ட வேண்டும், ஓரத்தைக் குடையக் கூடாது. கால் ஆணியைப் பிளேடால் செதுக்குவதும், கடையில் விற்கும் அமிலம் தடவிய ஒட்டுத்துணியை ஒட்டுவதும் பல பெரிய புண்களுக்குத் தொடக்கம். கால் நோவுக்கு ஒத்தடம் கொடுப்பது நம் கைப்பழக்கம் என்றாலும், மரத்த காலில் வெந்நீர்ப் பை வைக்கவே கூடாது. குளிக்கும் நீரின் சூட்டையும் காலால் பார்க்காமல் முழங்கையாலோ வீட்டில் உள்ள மற்றொருவரின் கையாலோ பார்க்க வேண்டும். பேருந்தின் முன்பகுதியில் இயந்திர மூடியை ஒட்டிக் காலை வைத்து உட்கார்ந்து வந்தவர்களுக்கும், இரு சக்கர வாகனத்தின் சைலன்சரில் கால் பட்டவர்களுக்கும் கொப்புளம் வந்த பிறகே விஷயம் தெரிந்தது என்று கட்டுப்போடும் அறையில் காத்திருந்தபோது கேட்டிருக்கிறேன். தரையில் படுத்துத் தூங்குபவரின் மரத்த விரலை இரவில் எலி கடிப்பதும் நம் பகுதிகளில் உண்மையாகவே நடக்கிறது. கேட்கக் கூசும் செய்தி என்றாலும், கட்டிலும் கொசுவலையும் இதற்கு எளிய காப்பு.

கோயில் விஷயத்தில் மட்டும் எங்கள் வீட்டில் நீண்ட பேச்சு நடந்தது. வெறுங்காலில் நடக்க வேண்டாம் என்று சொல்வது எளிது. கும்பகோணத்தில் வாழ்ந்துகொண்டு, பிரதோஷம் தவறாத ஒருவரிடம் அதைச் சொல்வது எளிதன்று. சித்திரை, வைகாசி மாதங்களின் நண்பகலில் வெளிப் பிரகாரத்துக் கருங்கல் தளம் உள்ளங்காலைப் பொசுக்கிவிடும். உணர்ச்சி உள்ளவர்கள் ஓடி நிழலில் ஒதுங்குவார்கள், அப்பா போன்றவர்கள் நிதானமாக வலம் வருவார்கள். இப்போது அவர் காலை ஆறு மணிக்கோ பொழுது சாய்ந்து கல் குளிர்ந்த பிறகோதான் போகிறார். தடித்த பருத்திக் காலுறை அணிந்துகொள்கிறார். பழனிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை போகிறவர்களும் தீ மிதிக்க நேர்ந்துகொள்பவர்களும் தங்கள் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்பதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெண்களுக்கு மற்றொன்று: கால் வீங்கும்போது மெட்டி இறுகி விரலை அறுக்கும், உணர்ச்சி குறைந்த விரலில் அது தெரியாது. மெட்டியைத் தளர்த்திக்கொள்வதிலோ கழற்றிவைப்பதிலோ எந்தக் குறையும் வந்துவிடாது.

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் சிவந்து வீங்கி, சூடாக இருந்து, வலி மிகக் குறைவாக இருந்தால் அதைச் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் நீவக் கூடாது. சார்க்கோ பாதம் எனப்படும் நிலையில் பாதத்தின் சிறு எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும்; அப்போதே காலுக்கு முழு ஓய்வு கொடுத்தால் வடிவம் தப்பும், நடந்துகொண்டே இருந்தால் உள்ளங்கால் வளைவு சரிந்து நிரந்தரமாகக் கோணிவிடும்.

கண்ணைப் பொறுத்தவரை, ஓட்டுநர் என்பதால் அப்பாவுக்குப் பார்வைச் சோதனை புதிதன்று. கடைசி வரி எழுத்துகளைக்கூடக் கண்ணாடியுடன் தெளிவாகப் படித்தார். ஆனால் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தபோது இரு கண்களிலும் இரத்தக் கசிவுப் புள்ளிகள் இருந்தன; ஒரு கண்ணில் புதிய, உறுதியற்ற இரத்தக்குழாய்கள் முளைக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடிக் கடையில் செய்யும் சோதனை வேறு, விழித்திரைச் சோதனை வேறு என்பதைப் பலரும் பிரித்தறிவதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு இருப்பவர்கள் நோய் கண்டறியப்பட்ட உடனேயும் அதன்பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சொட்டு மருந்து விட்ட பிறகு சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும் என்பதால் துணைக்கு ஒருவர் செல்வது நல்லது. அப்பாவுக்கு லேசர் சிகிச்சை செய்தார்கள். இழந்த பார்வையைத் திரும்பத் தருவதைவிட, இருப்பதைக் காப்பாற்றுவதே அதன் நோக்கம் என்பதால், நன்றாகத் தெரியும்போதே செய்துகொள்வதில்தான் அதன் பயன் இருக்கிறது. கண்முன் திடீரெனக் கருந்துகள்கள் மிதந்தாலோ திரை விழுந்தது போல இருந்தாலோ மறுநாள்வரைகூடக் காத்திருக்கக் கூடாது.

சிறுநீரகம் இன்னும் அமைதியான உறுப்பு. இரத்தத்தில் கிரியாட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயரும்போது பாதிப்பு பெரும்பாலும் முற்றியிருக்கும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் சிறிதளவு கசியத் தொடங்கிவிடும். சிறுநீரில் ஆல்புமினுக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் (மி.கி./கிராம் கணக்கில்) 30க்குள் இருந்தால் இயல்பு. 30 முதல் 300 வரை என்றால் எச்சரிக்கை. அதற்கு மேல் என்றால் பாதிப்பு அதிகம். எச்சரிக்கை நிலையில் கண்டுபிடித்தால் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியும், சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளைத் தொடங்கியும் சீரழிவை மிகவும் தாமதப்படுத்த முடிகிறது. மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இந்தச் சிறுநீரகங்களுக்குக் கேடு. வாரக்கணக்கில் அவற்றை விழுங்குகிறவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

இங்கே அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீண்ட நாள் நோயாளி ஒருவருக்கு, உணவிலோ நடையிலோ மாற்றம் எதுவும் இல்லாமலேயே சர்க்கரை தானாகக் குறையத் தொடங்கினால், அது நோய் குணமாகிறது என்பதற்கு அடையாளம் அன்று. சிறுநீரகம் தளரும்போது இன்சுலினும் சில மாத்திரைகளும் உடலிலிருந்து வெளியேறுவது தாமதமாகி, அதே அளவு மருந்தே அதிகமாகிவிடுகிறது. அப்பா விடியற்காலையில் வியர்த்து, உளறலாகப் பேசி எழுந்தபோது குளுக்கோமீட்டரில் 52 காட்டியது. அப்படி வந்தால் செய்ய வேண்டியதை எங்கள் வீட்டில் இப்போது குழந்தைகளும் அறிவார்கள்: 70க்குக் கீழே போனால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, ஏறவில்லை என்றால் மறுபடி கொடுத்து, ஏறிய பிறகு ஏதாவது உண்ணவைக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறி மூச்சு அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108ஐ அழைக்க வேண்டும். அதன் பின் மருத்துவர் சிறுநீரகச் சோதனை செய்து மருந்தின் அளவைக் குறைத்தார். எழுபதைக் கடந்தவருக்கு எச்பிஏ1சி ஏழுக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம், தாழ்சர்க்கரை வராமல் எட்டுக்குள் இருந்தாலே நல்லது என்றும் அவர் சொன்னார். இளைஞருக்கு உரிய இலக்கையே முதியவருக்கும் வைத்து, ஊசியின் அளவை வீட்டிலேயே கூட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதயத்திலும் இதே மௌனம்தான். நீரிழிவு உள்ள என் அத்தைக்கு மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலிக்கவே இல்லை. மேல்வயிற்றில் ஒரு பிசைவு, வியர்வை, படி ஏறியவர் போல மூச்சு வாங்கல், இவ்வளவுதான். வாயுப்பிடிப்பு என்று சொல்லிப் பெருங்காயமும் ஓம நீரும் எடுத்து வந்த அக்கம்பக்கத்தாரை மாமா தடுத்து, உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போனதால் அவர் இன்று நம்மோடு இருக்கிறார். நீரிழிவு உள்ளவருக்குக் காரணம் புரியாத வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் முதலில் இசிஜி எடுக்க வேண்டும். வாயுவா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாள்களில் மருந்தை என்ன செய்வது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடவில்லை என்பதற்காக அதை அடியோடு நிறுத்திவிடக் கூடாது, சில மாத்திரைகளையோ அந்த நாள்களில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் நாமாக ஊகிக்க முடியாது. ஈறு வீக்கம் சர்க்கரையை ஏற்றும். இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குக் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இவ்வளவையும் நினைவில் வைத்திருக்க முடியாது என்பதால் ஒரு நாற்பது பக்க நோட்டில் அப்பாவுக்கான கணக்கை எழுதி வருகிறோம். எச்பிஏ1சி மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பாதம், விழித்திரை, சிறுநீர் ஆல்புமின், கிரியாட்டினின், கொழுப்பு ஆகியவை ஆண்டுக்கு ஒரு முறையாவது. அப்பாவுக்கு ஏற்கெனவே பாதிப்பு இருப்பதால் சிலவற்றை இன்னும் அடிக்கடி செய்கிறோம். பொங்கல் கழிந்த வாரம் கண், ஆடி மாதம் சிறுநீர் என்று மாதத்தோடு சேர்த்துவிட்டால் மறப்பதில்லை. செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுகிறவர்கள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகலாம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. ஆனால் மாத்திரை வாசலுக்கு வந்துவிடுகிறது என்பதற்காக மருத்துவரை நேரில் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டாம். வாசலில் வைத்து விழித்திரையைப் பார்க்க முடியாது.

என் பங்குக்கும் ஒரு பக்கம் அந்த நோட்டில் இருக்கிறது. கர்ப்பமாக இருந்தபோது 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த இரத்தத்தில் எனக்குச் சர்க்கரை 140ஐத் தாண்டியிருந்தது, அதாவது கர்ப்பகால நீரிழிவு. நீரிழிவு மருத்துவர் வி. சேஷையா போன்றோரின் இடைவிடாத முயற்சியால், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையை 2007இல் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. பிரசவத்துக்குப் பின் சர்க்கரை இயல்புக்குத் திரும்பிவிட்டாலும், இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் நிரந்தர நீரிழிவு வரும் வாய்ப்பு மிக அதிகம் என்பதால், குழந்தை பிறந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முறையும் அதன்பின் ஆண்டுதோறும் சோதித்துக்கொள்ளச் சொன்னார்கள். சென்ற முறை எச்பிஏ1சி 5.9 வந்தது, 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. மாலையில் நடக்கிறேன், இரவில் சோற்றின் அளவைப் பாதியாக்கிக் காய்கறியைக் கூட்டியிருக்கிறேன். பெற்றோருக்கு நோய் இருப்பதால் அண்ணனும் தம்பியும் இந்த ஆண்டு முதல் அப்பாவுடன் சேர்ந்தே இரத்தம் கொடுக்க வருகிறார்கள்.